வேல்ஸ் சென்சஸில் ஒரு டேவிட் ஜோன்ஸைப் பிடிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: கணவர் வேல்ஸ்காரர். மாமனாருக்குத் தன் பூர்விகம் தெரிந்துகொள்ள ஆசை. மாமனாரின் தாத்தா டேவிட் ஜோன்ஸ், ரோண்டா பள்ளத்தாக்கில் ட்ரீஒர்க்கியில் நிலக்கரி வெட்டியவர். 1911 சென்சஸில் அவர் கிடைத்துவிட்டார். வயது 38, கல்யாணமாகி 12 வருடம், பிறந்த பிள்ளைகள் ஐந்து, உயிரோடு இருப்பவர்கள் மூன்று, பிறந்த இடம் 'கார்டிகன்ஷயர், லான்விஹாங்கல்'. அதற்கு முன்னால் போனால் அதே வயதில் ஏகப்பட்ட டேவிட் ஜோன்ஸ்கள். இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரம் அவர்களில் ஒருவரை இவருடைய அப்பா வீட்டில் உட்கார வைக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த மரத்தில் சான்றிதழோ சென்சஸ் பக்கத்தின் படமோ இணைத்திருந்தால் பாருங்கள். வெறும் பெயரும் வருடமும் மட்டும் இருந்தால், அதைப் போட்டவரும் உங்களைப் போலவே பட்டியலில் பொருத்தமாகத் தெரிந்த ஒரு டேவிட் ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் காப்பி அடித்திருப்பார்கள். பத்து மரங்கள் ஒரே விஷயத்தைச் சொல்வதால் அது பத்து சாட்சி ஆகிவிடாது.

வேல்ஸில் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் கரை சேர முடியாது. வீட்டையும் ஊரையும் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். காரணம், அங்கே குடும்பப் பெயர் என்பதே தாமதமாக வந்த விஷயம். நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஹவெலின் மகன் ரீஸ் என்றால் 'ரீஸ் அப் ஹவெல்'. அவன் மகன் 'அப் ரீஸ்'. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆங்கிலேயச் சட்டமும் நிர்வாகமும் நிலையான பெயர் கேட்க ஆரம்பித்ததும் அது அப்படியே உறைந்தது. அப் ஹவெல் பவல் ஆனார், அப் ரீஸ் ப்ரைஸ் ஆனார், அப் ஹ்யூ ப்யூ ஆனார், அப் ஓவன் போவன் ஆனார். ஜானின் பிள்ளைகள் ஜோன்ஸ், டேவிட்டின் பிள்ளைகள் டேவிஸ், வில்லியமின் பிள்ளைகள் வில்லியம்ஸ். அந்தக் காலத்தில் புழங்கிய ஆண் பெயர்களே கொஞ்சம்தான் என்பதால் குடும்பப் பெயர்களும் கொஞ்சமாகவே நின்றுவிட்டன. வேல்ஸ் மொழியின் பழைய அகரவரிசையில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது. அந்த நாட்டில்தான் தெருவுக்குத் தெரு ஜோன்ஸ். பணக்கார வீடுகளில் பெயர் சீக்கிரம் நிலைத்தது. மலைப்பக்கக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டுவரை பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இது பின்னால் உங்கள் காலை வாரும், அங்கே வரும்போது சொல்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் 1911 படிவத்தைக் கறக்க வேண்டிய அளவுக்குக் கறந்துவிட்டோமா என்று பாருங்கள். தட்டச்சு செய்த பிரதியை விட்டுவிட்டு மூலப் படத்தைத் திறங்கள். 1841 முதல் 1901 வரை நாம் பார்ப்பதெல்லாம் கணக்கெடுப்பாளர் தன் கையால் பார்த்து எழுதிய புத்தகங்கள்; வீட்டுக்காரர்கள் நிரப்பிய படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1911இல்தான் வீட்டுத் தலைவர் நிரப்பிய தாளே மிஞ்சியிருக்கிறது. கீழே இருக்கும் கையெழுத்து பெரும்பாலும் டேவிட் ஜோன்ஸ் போட்டதேதான். உங்கள் மாமனாருக்கு அதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால்கூடப் பெரிய பரிசு.

அந்தப் படிவத்தில் உங்களுக்கு உண்மையில் உதவப்போவது டேவிட் ஜோன்ஸ் இல்லை, அவர் பிள்ளைகள். மூன்று பிள்ளைகளின் பெயரும் வயதும் இருக்கிறதல்லவா? இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான பொதுப் பதிவு அலுவலகத்தின் (ஜி.ஆர்.ஓ.) இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அதன் பிறப்புப் பட்டியலில் 1837 முதலே அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் சேர்ந்து வரும். மற்றத் தளங்களில் கிடைக்கும் பழைய அச்சுப் பட்டியலில் இது 1911க்குப் பிறகுதான் உண்டு, அதனால் இந்தத் தளம்தான் வேண்டும். ரோண்டா அப்போது பொன்டிப்ரித் பதிவு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் ஜோன்ஸ் என்று போட்டு மூன்று பிள்ளைகளையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒவ்வொருவருக்கும் பல பதிவுகள் வரும், பயப்பட வேண்டாம். மூன்று தேடலிலும் பொதுவாக வரும் அம்மா பெயர் எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் தேறும். அதுவும் ஜோன்ஸாகவே இருந்துவிட்டால் நம் நேரம்.

அந்தப் பெயர் கிடைத்ததும் இன்னொரு வேலையும் முடியும். இறந்துபோன இரண்டு குழந்தைகளையும் அதே அம்மா பெயரை வைத்துத் தேடலாம். 1898க்கும் 1911க்கும் இடையில் பிறந்து, பிறப்பும் இறப்பும் அதே மாவட்டத்தில் சிறு இடைவெளியில் பதிவாகியிருக்கும். எந்த சென்சஸிலும் வராமலே போயிருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள். 1911 படிவம் கல்யாணமான பெண்களிடம் பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை, இறந்தது எத்தனை என்று கேட்டிராவிட்டால் அவர்கள் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது கல்யாணப் பதிவு. 12 வருடம் என்றால் 1898 அல்லது 1899. மணப்பெண்ணின் பெயரை வைத்துத் தேடுங்கள், மாப்பிள்ளை பெயரை வைத்துத் தேடாதீர்கள். சான்றிதழை வரவழையுங்கள். இந்த முழு வேட்டையிலும் கட்டாயம் காசு செலவழிக்க வேண்டிய தாள் இது ஒன்றுதான் என்பேன், ஏனென்றால் இதில்தான் இரு வீட்டு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். ஆயிரம் டேவிட் ஜோன்ஸ் இருக்கலாம். கார்டிகன்ஷயரில் 1872–73இல் பிறந்து, அப்பா பெயர் ஈவன், அப்பா தொழில் ஈயச் சுரங்கம் என்று வந்தால் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும்.

இங்கே இன்னொரு குறுக்கு வழி. 1931 சென்சஸ் தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் முழுக்க எரிந்துவிட்டன. 1941இல் போர் காரணமாக சென்சஸே எடுக்கவில்லை. ஆனால் 1939 செப்டம்பர் 29 அன்று தேசியப் பதிவேடு ஒன்று எடுத்தார்கள், அடையாள அட்டைக்கும் ரேஷனுக்கும். அதில் வயதுக்குப் பதிலாகப் பிறந்த தேதியே இருக்கிறது: நாள், மாதம், வருடம். டேவிட் ஜோன்ஸ் 66 வயதுவரை வாழ்ந்திருந்தால் அதில் இருப்பார். சுரங்கத் தூசியில் வேலை பார்த்தவர்களில் பலர் அவ்வளவு நாள் இருக்கவில்லை, இருந்தாலும் பார்த்துவிடுங்கள். தேதி கிடைத்துவிட்டால் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு ஒரே நிமிடத்தில் முடிவு செய்யலாம். 1921 சென்சஸையும் விடாதீர்கள். நிலக்கரித் தொழிலாளர் தகராறால் ஏப்ரலில் நடக்க வேண்டியது ஜூன் 19க்குத் தள்ளிப்போன கணக்கெடுப்பு அது. அதில் முதலாளி யார், வேலை செய்யும் இடம் எது என்பதும் உண்டு. ட்ரீஒர்க்கிக்காரர் என்றால் ஓஷன் கோல் கம்பெனியின் பார்க் அல்லது டேர் சுரங்கம் வர நல்ல வாய்ப்பு. அபரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்துக்கு நேரில் போனால் 1921ஐ இலவசமாகவே பார்க்கலாம்.

இனிப் பின்னோக்கி. 1901இல் கல்யாணமான புதுசு, ரோண்டாவிலேயே இருப்பார். 1891இல் 18 வயது. அந்த வயதுப் பையன் கார்டிகன்ஷயரிலிருந்து தனியாக வந்து யார் வீட்டிலோ வாடகைக்குப் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். 1860களில் சில ஆயிரம் பேர் இருந்த ரோண்டாவில் 1911இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஜனம். அத்தனை பேரும் எங்கிருந்தோ வந்தவர்கள், வந்தவர்களுக்கு வீடு போதவில்லை. 'லாட்ஜர்', 'போர்டர்' என்று எழுதிய வரிகளைத் தேடுங்கள். அப்படித் தங்கியவரின் விவரத்தை வீட்டுக்காரம்மாதான் சொல்லியிருப்பார். அதனால் வயது ஒன்றிரண்டு தள்ளிப்போகும், பிறந்த இடத்தில் வெறும் 'கார்டிகன்ஷயர்' என்று மட்டும் நிற்கும். ஆனால் வீட்டுக்காரரின் பிறந்த ஊரைப் பாருங்கள். ஊர்க்காரன் வீட்டில்தான் ஊர்ப் பையன் தங்குவான். பல நேரம் அது அத்தை வீடு, மாமா வீடாகவே இருக்கும், சென்சஸில் மட்டும் 'போர்டர்'.

1891இல் இருந்து வேல்ஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பத்தி உண்டு: என்ன மொழி பேசுவீர்கள்? 'வெல்ஷ்', 'இங்கிலீஷ்', 'இரண்டும்' என்று மூன்றில் ஒன்று. அந்த வருடம் வேல்ஸ் மக்களில் 54 சதவீதத்தினர் வெல்ஷ் பேசுபவர்கள். 1911இல் அது 43.5க்கு வந்துவிட்டது. குடும்பக் கதையாக இது நெஞ்சைத் தொடும், ஒரே தாளில் அப்பா அம்மாவுக்கு 'இரண்டும்', பிள்ளைகளுக்கு 'இங்கிலீஷ்' என்று பார்க்கும்போது. தேடுபவருக்கு வேறு பயனும் இருக்கிறது. 18 வயதில் 'வெல்ஷ்' மட்டும் என்று இருக்கும் டேவிட் ஜோன்ஸ் சமீபத்தில் கிராமத்திலிருந்து வந்தவர். 'இங்கிலீஷ்' மட்டும் என்று இருப்பவர் உங்கள் ஆளாக இருக்க வாய்ப்பில்லை.

சென்சஸ் பக்கத்தைப் படிக்கும்போது இரண்டு மூன்று விஷயம் கவனியுங்கள். இடது ஓரத்தில் முதலில் இருக்கும் எண் வீட்டு எண் இல்லை, படிவத்தின் வரிசை எண். அதை வீட்டு எண் என்று நினைத்துக் கூகுள் வரைபடத்தில் போய்ப் படம் எடுத்து வருபவர்கள் நிறைய. இரட்டைச் சாய்கோடு போட்டால் அங்கே ஒரு வீடு முடிகிறது; ஒற்றைச் சாய்கோடு என்றால் அதே கட்டடத்தில் இன்னொரு குடித்தனம். வயதுகளின் மேல் தடித்த கோடு குறுக்கே போகும், அது பின்னால் லண்டனில் எண்ணிக்கூட்டிய எழுத்தர்கள் போட்ட அடையாளம். அதனால்தான் 8 என்பது 3 ஆகவும் 18 என்பது 13 ஆகவும் பிரதி எடுக்கப்பட்டிருக்கும். 'டாட்டர் இன் லா' என்று ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்தால் மருமகள் என்று திகைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் மனைவியின் முந்தைய கல்யாணத்துப் பெண்ணையும் அப்படித்தான் எழுதினார்கள்.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வருவோம். லான்விஹாங்கல் என்றால் தூய மிக்கேலின் கோயில் இருக்கும் இடம். வேல்ஸ் முழுக்க டஜன் கணக்கில் உண்டு. கார்டிகன்ஷயரிலேயே லான்விஹாங்கல் அ க்ரைதின், லான்விஹாங்கல் கெனாயர் க்ளின், லான்விஹாங்கல் அஸ்ட்ராட் என்று பல. 1911இல் டேவிட் ஜோன்ஸ் பாதியை மட்டும் எழுதிவிட்டார், அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. முழுப் பெயர் வேறு சென்சஸில் வந்திருக்கலாம். 1881, 1891, 1901, 1921 எல்லாவற்றிலும் அந்தப் பத்தியை வரிசையாக எழுதி வைத்துப் பாருங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். தட்டச்சுப் பிரதியில் ஊர்ப் பெயரைத் தேடும்போது இரட்டை 'எல்' எழுத்தை 'எச்' என்றும் 'சி.எல்.' என்றும் படித்து வைத்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அப்பாவின் தொழில் இங்கேதான் கைகொடுக்கும். கல்யாணச் சான்றிதழில் ஈயச் சுரங்கத் தொழிலாளி என்று இருந்தால் தேட வேண்டியது வடக்குப் பக்கம். கும் அஸ்ட்வித் போன்ற பெரிய ஈயச் சுரங்கம் லான்விஹாங்கல் அ க்ரைதின் பாரிஷில்தான் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) இருந்தது. வெளிநாட்டு ஈயம் வந்து விலை சரிந்ததும் 1870களின் கடைசியிலிருந்து அந்தப் பக்கம் சுரங்கங்கள் நொடித்தன, ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரோண்டாவுக்கு இறங்கினார்கள். மலைக்குள் தோண்டத் தெரிந்தவனுக்கு நிலக்கரிக் கம்பெனி வேலை கொடுத்தது. அப்பா தொழில் பண்ணைக்கூலி என்றோ நெசவு என்றோ வந்தால் தெற்கே பாருங்கள், டைவி நதிப் பக்கம்.

1881இல் தேடும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, முதல் பெயர் டேவிட், வயது 8, கூட இருக்கும் அப்பா பெயர் ஈவன் என்று போடுங்கள். 1881 முழுவதும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். வீடு கிடைத்ததும் அந்த வீட்டிலேயே அபூர்வமான பெயர் யாருக்கு என்று பாருங்கள். க்வென்லியன் என்றோ ஜெங்கின் என்றோ ஒருவர் இருந்தால் இனி அவரைத்தான் பின்தொடர வேண்டும். 1871இலும் 1891இலும் அவரைக் கண்டுபிடித்தால் குடும்பமே கிடைத்துவிடும். பெயர்கள் ஆங்கிலமாகவும் வெல்ஷாகவும் மாறி மாறி வரும். மேரி மாயர் ஆவாள், ஜேன் ஷான் ஆவாள், மார்கரெட் மார்கெட்டும் பெகியும் ஆவாள், டேவிட் டாவித் ஆவான்.

பையன் அப்பா வீட்டில் இல்லையென்றால் தாத்தா பாட்டி வீட்டில் 'பேரன்' என்று இருக்கிறானா பாருங்கள். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளைத் தாத்தா வீட்டில் வளர்ப்பது சாதாரணம். ஜி.ஆர்.ஓ. பட்டியலில் அம்மா பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் பொருள். அப்படி இருந்தால் கல்யாணச் சான்றிதழில் அவர் சொன்ன 'அப்பா' உண்மையில் தாத்தாவாகவே இருக்கலாம். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பொறுப்பு.

வீடு உறுதியானதும் பக்கத்தின் இரண்டாவது பத்தியில் இருக்கும் வீட்டின் பெயரைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் தெருவும் எண்ணும் கிடையாது, ஒவ்வொரு பண்ணைக்கும் குடிசைக்கும் பெயர் உண்டு. ஆளின் பெயரைவிட அந்தப் பெயர்தான் ஊரில் அடையாளம். ஆனால் 'டீ நெவித்', அதாவது புது வீடு, என்பது எல்லா பாரிஷிலும் இருக்கும். அதனால் கணக்கெடுப்பாளர் அதற்கு முன்னும் பின்னும் எந்த வீடுகளுக்குப் போனார் என்பதையும் எழுதி வையுங்கள். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களில் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) இந்தப் பண்ணைப் பெயர்கள் எல்லாம் இருக்கும். வேல்ஸுக்கான அந்த வரைபடங்களை இலவசமாகப் பார்க்க மிக வசதியான இடம் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம் என்பது வேடிக்கைதான்.

1871, 1861, 1851 மூன்றும் ஒரே மாதிரி: உறவுமுறை, வயது, பாரிஷ் எல்லாம் இருக்கும். இளம் வயதுக்காரர்கள் காணாமல் போனால் வேலைக்காரர்கள் பட்டியலில் பாருங்கள். பண்ணை வேலைக்குப் போன பையன்களும் பெண்களும் நவம்பர் மாதக் கூலிச் சந்தையில் ஒவ்வொரு வருடமும் எஜமானரை மாற்றிக்கொண்டார்கள், அதனால் பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் சென்சஸில் எந்தப் பாரிஷிலும் இருப்பார்கள். லண்டனில்கூட இருக்கலாம். அங்கே பால் வியாபாரத்தில் கார்டிகன்ஷயர்காரர்கள்தான் பெரிய கை.

1841 தனிப் பிறவி. பென்சிலில் எழுதியது, பாதி அழிந்திருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. பிறந்த ஊருக்குப் பதில் அதே கவுண்டியில் பிறந்தாரா இல்லையா என்பது மட்டும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், 38 வயதுக்காரர் 35 ஆவார். முன்பு சொன்ன பழைய பெயர் வழக்கம் காலை வாருவதும் இந்தப் பக்கத்தில்தான். ஈவன் ஜோன்ஸின் அப்பா ஜான் ஜோன்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று தேடுவீர்கள். அவர் பெயர் ஜான் ஈவன்ஸ் என்று இருக்கலாம். ஜானின் மகன் ஜோன்ஸ், ஈவனின் மகன் ஈவன்ஸ். விதவையான பாட்டி தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பதும் வேல்ஸில் உண்டு. பண்ணைப் பெயர் கையில் இருந்தால் இந்த இடத்தில் தடுமாற மாட்டீர்கள், அதே வீட்டில் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

அதற்கு முன்னால் சென்சஸ் பெயர் சொல்லாது. வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளத்தில் 1840களை ஒட்டிய தசமபாக (தேவாலய வரி) வரைபடங்கள் இருக்கின்றன, எந்தப் பண்ணை யார் சொத்து, யார் குடியிருந்தார் என்று. 1858க்கு முந்தைய உயில்களும் அங்கேயே இலவசம். இரண்டு மாடு வைத்திருந்தவர்கூட உயில் எழுதியிருப்பார். 1919வரையிலான செய்தித்தாள்களும் அங்கே உண்டு, வெல்ஷ் மொழியில் வந்தவையும் சேர்த்து. மரண அறிவிப்பில் பண்ணைப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஞானஸ்நானப் பதிவுக்கு ஆங்கிலிகன் தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். 1851 வாக்கில் வேல்ஸ் பெரும்பாலும் சேப்பல் ஜனங்களின், அதாவது ஆங்கிலிகன் சபையில் சேராத தனிச் சபையினரின் நாடு. கால்வினிய மெதடிஸ்டுகளும் இண்டிபெண்டன்டுகளும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பாப்டிஸ்டுகள் கொடுக்க மாட்டார்கள். பாப்டிஸ்ட் குடும்பம் என்றால் குழந்தைப் பதிவு இல்லாததைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னால், இன்றைக்கே மாமனாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தாத்தா எந்த சேப்பலுக்குப் போனார், எங்கே புதைத்தார்கள், வீட்டில் பழைய வெல்ஷ் பைபிள் இருக்கிறதா. பைபிளின் முதல் பக்கங்களில் பிறப்பு, இறப்பு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. கல்லறைக் கல்லில் 'ஏர் கோவ் ஆம்', நினைவாக, என்று தொடங்கி ஆளின் பெயருக்கு அடுத்து வீட்டுப் பெயரையும் பொறித்திருப்பார்கள். சொந்த ஊர்ப் பண்ணையின் பெயரை ரோண்டாவில் கட்டிய வீட்டுக்கு வைத்தவர்களும் உண்டு, அதனால் தாத்தா வீட்டு வாசலில் ஏதாவது பெயர்ப்பலகை இருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். அந்தப் பெயர் ஏதாவது ஒரு லான்விஹாங்கல் பக்கத்து வரைபடத்தில் இருந்தால், சான்றிதழ் தபாலில் வருவதற்குள் பாதித் தூரம் போயிருப்பீர்கள்.